ஏலகிரி விளிம்பில் எங்கே நிற்பது?

கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவனுக்கு முதல் வருடத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். கெட்டிமேளம் முழங்கிய பிறகு இடம் தேட முடியாது. தாலி ஏறும்போது எங்கே நிற்கப்போகிறோம் என்பதை அரை மணி நேரம் முன்பே முடிவு செய்து, அங்கே காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். மலை விளிம்பிலிருந்து ஹேங் கிளைடர், அதாவது மனிதன் தொங்கியபடி பறக்கும் எஞ்சின் இல்லாத துணிச் சிறகு, எழும்புவதைப் படம் எடுப்பதும் அப்படித்தான். பைலட் ஓடத் தொடங்குவதற்கும் அவருடைய கால் தரையை விட்டு எழுவதற்கும் நடுவே மூன்று, நான்கு நொடிகள்தான். அதற்குள் இடம் மாற முடியாது, லென்ஸ் மாற்ற முடியாது, வெளிச்சத்தைத் திருத்தவும் முடியாது.

வேலூரில் புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் ஏலகிரிக்குப் புறப்படும் முன் என்னிடம் கேட்பதெல்லாம் லென்ஸைப் பற்றித்தான், அதன் மில்லிமீட்டர் அளவைப் பற்றி (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). "அண்ணா, 70-200 போதுமா, 150-600 வாடகைக்கு எடுக்கட்டுமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே நிற்கப்போகிறாய் தம்பி?" அதற்குப் பதில் வந்துவிட்டால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். ஆகவே நான் இங்கே ஒப்பிடப்போவது நிற்கும் இடங்களை. பறப்பவருக்குப் பின்னால், பக்கவாட்டில், முன்னால் கீழே சரிவில், மலையடிவாரத்தில் என்று நான்கு இடங்கள் உண்டு. நான்கிலும் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் மலை. ஏலகிரி எங்கள் பழைய வட ஆற்காட்டு மலை. பிறகு வேலூர் மாவட்டம், 2019-ல் பிரித்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர்தான் மாறியது, மலை மேற்கே ஜோலார்பேட்டையைப் பார்த்தபடியே நிற்கிறது. பொன்னேரியிலிருந்து ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே அத்தனாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கு விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே சமவெளி விரிந்து கிடக்கும், ரயில் ஒன்று புழுபோல ஊர்ந்து போவது தெரியும். அங்கே அதிகம் பறப்பது பாராகிளைடர்கள்தான், அதாவது குடைபோல விரியும் துணிச் சிறகில் நூல்களால் தொங்கிப் பறப்பவை. ஹேங் கிளைடர் அபூர்வம். பறக்கும் குழு ஆண்டு முழுவதும் இருக்காது. எந்த நாளில் யார் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஹேங் கிளைடர் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று இந்த மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் பறப்பவரைத் தாங்குகிறது. ஐப்பசியில் வடகிழக்குக் காற்று திரும்பிவிட்டால் அதே விளிம்பில் காற்று முதுகில் அடிக்கும், யாரும் எழும்ப மாட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அம்மி பறக்கிற காற்றில் மனிதன் பறக்க மாட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் எதிர்பார்ப்பது சீராக, குலுக்கல் இல்லாமல் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வரை முகத்தில் வந்து படும் காற்று. அதற்காக ஒரு துணி நாடாவைக் கம்பில் கட்டி வைத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். படம் எடுக்கப் போகிறவனும் உட்கார வேண்டும்.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதையும் முன்பே யோசித்துவிட வேண்டும். காலையில் சூரியன் மலைக்குப் பின்னால். மேற்கே பார்த்து ஓடுபவரின் முதுகும் சிறகின் மேல்பக்கமும்தான் வெளிச்சத்தில் இருக்கும், முகம் இருட்டு. மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் எதிரே இறங்கி, சிறகுக்கு அடியிலும் முகத்திலும் வெளிச்சம் விழுகிறது. நண்பகல் வெப்பக் காற்றின் குலுக்கலும் அப்போது அடங்கத் தொடங்கும். இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் நம் பகுதியில் நடுப்பகலில் நம் நிழல் தெற்கே விழுகிறது, ஏனென்றால் அப்போது சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மாலையிலும் அது நேர் மேற்கில் இறங்காமல் வடமேற்கை ஒட்டியே இறங்குகிறது. அதனால் அந்தப் பருவத்தில் பறப்பவரின் வலது பக்கம், அதாவது வடக்குப் பக்கம் நின்றால் வெயில் நமக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தில் விழும். இடது பக்கம் நின்றால் வெயில் அவருக்குப் பின்னால் போய்விடும். தை, மாசியில் காற்று வாய்த்தாலும் வெயில் கணக்கு தலைகீழ். வலமா இடமா என்ற கேள்விக்கு இதுதான் பதில்; யாரோ ஒருவர் நின்ற பாறை என்பதற்காக அங்கே போய் நிற்க வேண்டியதில்லை.

இனி எழும்பும் விதம். ஹேங் கிளைடரின் சிறகு அலுமினியக் குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இருபது முதல் முப்பத்தைந்து கிலோ வரை எடை. ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஒன்பது, பத்து மீட்டர். நடுவே முக்கோணச் சட்டம். பைலட் அந்தச் சட்டத்தின் இரு பக்கக் குழாய்களைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உடலைத் தாங்கும் பை போன்ற ஹார்னஸிலிருந்து ஒரு வார் மேலே போய்க் கொக்கியில் சிறகோடு சேர்கிறது. முதலில் அந்த வார் தளர்ந்து தொங்கும். ஓடத் தொடங்கியதும் சிறகு காற்றை வாங்கித் தோளிலிருந்து எழும்பும், வார் இறுகும், அடிகள் நீளமாகும், எடை குறையும், கடைசி அடி தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். உடனே கைகள் பக்கக் குழாயிலிருந்து கீழ்க்குழாய்க்கு மாறும், கால்கள் பின்னால் நீண்டு ஹார்னஸின் பைக்குள் நுழையும், ஆள் குப்புறப் படுத்துவிடுவார். அதன் பிறகு வானத்தில் இருப்பது ஒரு சிறகு. மனிதன் தெரிவதெல்லாம் அதற்கு முன்னால்தான்.

பின்னால் நிற்பது எளிது, அதனால்தான் முதல் முறை எல்லோரும் அங்கே நிற்கிறோம். பாதுகாப்பான இடம், நண்பர்களும் அங்கேதான் இருப்பார்கள், எதிரே சமவெளி முழுவதும் விரியும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் சிறகும் மலையும் மேகமும் ஒரே படத்தில் வந்துவிடும். ஆனால் வருவது முதுகு. முதல் நாள் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களை வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்றில்கூட ஒரு கண் இல்லை. பயணக் கட்டுரைக்கு முகப்புப் படமாக ஒன்று தேவையென்றால் பின்னால் நில்லுங்கள், அதற்கு மேல் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மாலையில் சூரியனை எதிரே வைத்துக் கறுப்பு உருவமாக எடுக்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே இடம். அந்த வகைப் படம் ஒன்று போதும்.

அடிவாரம் வேறு வகை ஆசை. பொன்னேரிப் பக்கத்து வயல்வெளியிலோ, ஏறும் பாதையின் ஏதோ ஒரு வளைவிலோ நின்று 600 மில்லிமீட்டர் லென்ஸை மேலே திருப்புவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 600 மில்லிமீட்டர் வைத்து ஒரு கிலோமீட்டர் தூரத்தைப் பார்த்தால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 39 மீட்டர் அடங்கும். பத்து மீட்டர் சிறகு அதில் கால் பங்கு. மோசமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நடுவில் இருப்பது நம் ஊர் வெயில். மரமில்லாத மலை என்று வேலூரைச் சொல்வார்கள். ஏலகிரி பச்சையாக இருந்தாலும் அதன் அடியில் பாறையும் தார்ச்சாலையும் கொதிக்கும்போது காற்று கானல்போல நெளிகிறது, ஒரு கிலோமீட்டர் கானலைத் தாண்டி எந்த லென்ஸாலும் ஒரு முகத்தைக் கூர்மையாகக் கொண்டுவர முடியாது. நான் இரண்டு நாள் வாடகை கொடுத்து எடுத்து வந்த பெரிய லென்ஸ் அன்று பயன்படவில்லை. கடையில் அதன் ஃபோகஸ் மோட்டார் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்து வாங்காததும் சேர்ந்துகொண்டது. பாதி நேரம் அது முன்னும் பின்னும் அலைந்தது. வாடகைக்கு எடுக்கும் லென்ஸைக் கடை வாசலிலேயே ஓடும் பஸ்ஸின் மேல் வைத்துச் சோதித்துவிடுங்கள். அடிவாரத்துக்கு ஒரு நியாயம் உண்டு: இறங்குவதைப் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நாம் பேசுவது எழும்புவதைப் பற்றி.

உண்மையான போட்டி மற்ற இரண்டு இடங்களுக்கு நடுவில்தான்: பக்கவாட்டா, முன்னால் கீழேயா?

முன்னால் கீழே என்றால், விளிம்பைத் தாண்டிச் சரிவில் பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கி, பறக்கும் பாதையிலிருந்து விலகி ஒரு பாறையில் நின்று மேலே பார்ப்பது. கண்ணைப் பறிக்கும் படம் அங்கே கிடைக்கிறது, மறுக்க மாட்டேன். விளிம்பைத் தாண்டி ஒருவர் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறார். வெயில் மேலிருந்து துணிக்குள் ஊடுருவி, சிறகின் எலும்புகள் ஒவ்வொன்றும் விளக்கு வைத்ததுபோலத் தெரிகின்றன. முகம் நேராகத் தெரிகிறது. பற்கள் கடித்திருப்பதுகூடத் தெரிகிறது. விளம்பரப் படம் எடுக்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் விரும்புவார்கள்.

எனக்கு அதில் இரண்டு குறைகள். ஒன்று, மலை இல்லை. கீழிருந்து மேலே பார்க்கும்போது பின்னால் இருப்பது வெறும் வானம். அந்தப் படத்தைக் காட்டி இது ஏலகிரி என்று யாரிடம் சொல்ல முடியும்? எங்கோ ஒரு கடற்கரை மேட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். உயரமும் தெரியாது, ஏனென்றால் உயரம் தெரிய வேண்டுமானால் காலுக்குக் கீழே பள்ளம் தெரிய வேண்டும். இரண்டாவது குறை பெரியது. எழும்பல் எப்போதும் சரியாக அமைவதில்லை. ஒரு சிறகு தாழ்ந்து, கிளைடர் ஒரு பக்கம் திரும்பி, சரிவிலேயே விழுவது உண்டு. அது திரும்பி விழும் இடம் எது? விளிம்புக்குக் கீழே, பக்கச் சரிவு. நாம் கண்ணைக் கேமராவில் வைத்து நிற்கும் இடம். காலடியில் உண்ணிச்செடிப் புதரும் வழுக்கும் பாறையும் இருக்கும்போது ஓடி ஒதுங்கவும் முடியாது. அது மட்டுமல்ல, விழுகிற பைலட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நின்றால் அவருடைய உயிருக்கும் நாம் ஆபத்து. பைலட்டே அழைத்து, "அந்தப் பாறையில் நில்லுங்கள், நான் இடது பக்கம் போகமாட்டேன்" என்று சொன்னால், அதுவும் அனுபவமுள்ளவராக இருந்தால், நிற்கலாம். நாமாக இறங்கக் கூடாது. நான் நின்ற அன்று நல்லபடியாகத்தான் முடிந்தது. இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், நான் அங்கே நின்றிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

பக்கவாட்டு இடத்தை நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓட்டப் பாதைக்கு இணையாக, பைலட்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி. சிறகு அவருடைய இரு பக்கமும் ஐந்து மீட்டர் நீள்கிறது. ஆக சிறகு நுனிக்கும் எனக்கும் நடுவே இருபது மீட்டர். இது குறைந்தபட்சம். அடுத்து, அவர் ஓடத் தொடங்கும் இடத்துக்கு நேராக நிற்பதில்லை. விளிம்புக்கு நேராக நிற்கிறேன். இதற்குக் காரணம் சிறகின் வடிவம். மூக்கு முன்னே, நுனிகள் பின்னே சாய்ந்த சிறகு அது. சரியாகப் பக்கத்தில் நின்றால் நம் பக்கத்துச் சிறகு நுனி பைலட்டின் தலையை மறைத்துவிடும். சற்று முன்னே போய்விட்டால் நுனி பின்னுக்குப் போய், முகமும் மார்பும் கைகளும் திறந்துகொள்ளும். கடைசியாக, முட்டி போட்டு உட்காருகிறேன். கண் மட்டம் இடுப்பளவுக்கு இறங்கினால் சிறகு தலைக்கு மேலே தனியாக நிற்கும், காலுக்குக் கீழே தரை ஒரு மெல்லிய கோடாகிவிடும். அந்தக் கோட்டுக்கும் பாதத்துக்கும் நடுவே வானம் நுழைவதுதான் எனக்கு வேண்டிய படம்.

கால்களுக்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன்? இந்தக் கலையின் முதல் படங்களே கால்களின் படங்கள்தான். ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் 1896-ல் விழுந்து இறக்கும்வரை இரண்டாயிரம் தடவைக்குக் குறையாமல் பறந்தார். 1894-ல் பெர்லினுக்கு அருகே லிக்டர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார், எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதை எதிர்த்து ஓடலாம் என்பதற்காக. ஓட்டோமார் அன்ஷூட்ஸ் என்ற புகைப்படக்காரர் வேகமான ஷட்டரை உருவாக்கி அவரைப் படம் பிடித்தார். அந்தப் படங்களில் சிறகுக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்குகின்றன. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் பார்ப்பவர் நெஞ்சில் ஏதோ அசைவது அந்தக் கால்களால்தான். சிறகு மட்டும் என்றால் அது பறவையோ பட்டமோ என்று போயிருக்கும்.

பக்கவாட்டில் நின்றால் இன்னொன்றும் கிடைக்கிறது. பெங்களூரிலிருந்து காரின் மேல் சிறகைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பைலட்டுக்கு அன்று மாலை படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார். அதில் வலது கால் நுனி மட்டும் புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது, முதுகுக்கு மேலே வார் விறைத்து நின்றது, அதன் உச்சியில் கொக்கி பளிச்சென்று தெரிந்தது. "இதைத்தான் அம்மாவுக்கு அனுப்புவேன். கொக்கி தெரிகிறது பாருங்கள்" என்றார். பின்னாலிருந்து எடுத்ததில் ஹார்னஸ் பை கொக்கியை மறைத்திருந்தது. கீழிருந்து எடுத்ததில் அவர் மார்பு மறைத்திருந்தது.

அந்தக் கொக்கிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். எழும்புவதற்கு முன் தொங்கிப் பார்ப்பது என்று ஒரு சோதனை உண்டு. உதவியாளர் சிறகின் மூக்குக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, பைலட் ஹார்னஸில் உடலைக் கிடத்தித் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்குவார். மார்புக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே முஷ்டியை வைத்து இடைவெளி அளப்பார். வாரை இழுத்துப் பார்ப்பார், கொக்கியைக் கையால் தொட்டுப் பார்ப்பார். கொக்கி மாட்டாமல் ஓடிவிட்டால் சிறகு மட்டும் எழும்பும். ஆள் வெறும் கைப்பிடியில் தொங்குவார். உலகம் முழுவதும் இதில் உயிர்கள் போயிருக்கின்றன. அன்று ஒருவர் தொங்கிப் பார்த்து எழுந்து நின்று, காற்றுக்காகக் கண்ணை நாடாவின் மேல் வைத்திருந்த நேரத்தில், ஹெல்மெட்டில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்பதற்காக நான், "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கள்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் பார்த்தார். ஒரு நொடிதான். ஆனால் உதவியாளர் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார். சிறகைத் தரையில் வைத்து, மறுபடி குப்புறக் கிடந்து, மறுபடி முஷ்டி வைத்து, மறுபடி கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. உதவியாளர் மட்டும் அருகில் வந்து, "அவர் தோளில் சிறகு ஏறிய பிறகு அவரிடம் யாரும் பேசக் கூடாது அண்ணா" என்றார். அன்றிலிருந்து மலைமேல் என் வாய் மூடிவிட்டது. என்ன பேச வேண்டுமோ அதைத் தேநீர் குடிக்கும்போதே பேசிவிட வேண்டும்: எங்கே நிற்பேன், எந்தப் பக்கம் நகர மாட்டேன், ஃபிளாஷ் போட மாட்டேன், படங்களை எப்போது கொடுப்பேன்.

டிரோனை இந்த ஒப்பீட்டில் ஐந்தாவது இடமாகச் சேர்க்கச் சொல்வார்கள். நான் சேர்க்கவில்லை. விசிறி சுழலும் ஒரு பொருளைத் துணிச் சிறகில் பறக்கும் மனிதருக்கு அருகில் கொண்டுபோவது எந்தப் படத்துக்கும் ஈடாகாது. 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி டிரோனுக்குப் பதிவு வேண்டும், சுற்றிலும் வனத்துறை நிலம் இருப்பதால் அதற்கான அனுமதி வேறு. அந்த அனுமதிகள் எல்லாம் கையில் இருந்தாலும் என் பதில் மாறாது. சிறகின் நுனியில் சிறு கேமராவைப் பொருத்துவது பைலட் முடிவு செய்ய வேண்டிய விஷயம். எடை ஒரு பக்கம் கூடுவதும், கம்பியில் எது சிக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். நாம் கேட்டு வற்புறுத்தக் கூடாது.

இப்போது லென்ஸ். 25 மீட்டர் தூரத்தில் முழு அளவு சென்சாரில் 70 மில்லிமீட்டர் ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தைக் காட்டும். கிளைடரும் அது ஓட வேண்டிய இடமும் அதில் அடங்கும். 200 மில்லிமீட்டரில் நாலரை மீட்டர். ஆளும் சட்டமும் மட்டும். அதாவது இந்த இடத்துக்கு 70-200 அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது. சிறிய சென்சாரானால் 70-ல் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். பக்கவாட்டுக்கு அதுவும் போதும், ஆனால் சிறகு முழுவதும் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் போக வேண்டும். 150-600-ஐ வாடகைக்கு எடுக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை, இறங்குவதையும் எடுக்க நினைப்பவர்களைத் தவிர. எழும்பும்போது ஜூம் வளையத்தைத் திருப்பாதீர்கள். ஒரே அளவில் வைத்து, பைலட்டுக்கு முன்னால் காலி இடம் விட்டு, அவரோடு சேர்ந்து உடலைத் திருப்புங்கள்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் கூடாது. காற்று குறைவாக இருந்தால் எழும்பும் கணத்தில் ஆள் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகம்வரை போகிறார். முன்னே வீசும் கால் அதைவிட வேகம். 1/250-ல் (நொடியில் 250-ல் ஒரு பங்கு) உடலே மூன்று சென்டிமீட்டர் வரை கலங்கும், பாதம் காணாமலே போகும். 1/1600-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து சிறகுக்கு அடியில் இருக்கும் முகத்தை இருட்டாக்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி வைக்கிறேன். அதைச் சரிபார்க்க, சிறகுக்கு அடியில் நிற்கும் உதவியாளரை முன்னதாக ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். ஃபோகஸ் புள்ளி ஹெல்மெட்டின் மேல். கேமராவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவிலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவர் எண்பது சென்டிமீட்டர் வரை கடந்துவிடுகிறார். கால் எழும் அந்த அடி நடுவில் நழுவிவிடலாம். "கிளியர்" என்று, வழியில் தடை இல்லை என்பதற்கு, அவர் குரல் கொடுத்ததுமே அழுத்தத் தொடங்கினால் சில கேமராக்களில் முக்கியமான நேரத்தில் நினைவகம் நிறைந்து நின்றுவிடும். அதனால் நான் இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் விரலை அழுத்துகிறேன்.

அன்றைக்கு மலைமேல் பாராகிளைடர் மட்டுமே இருந்தால் சில மாற்றங்கள். அதன் சிறகு முதலில் தரையில் விரிந்து கிடக்கும், நூல்கள் புல்லில் மறைந்திருக்கும். அதை மிதித்துவிடாமல் தள்ளி நடக்க வேண்டும். காற்று நன்றாக இருந்தால் பைலட் சிறகைப் பார்த்தபடி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று அதை இழுத்து எழுப்புவார், பிறகு திரும்பி ஓடுவார். அந்தத் திரும்பலுக்கு முன்னால் பின்பக்கத்தில் நிற்பவனுக்கும் முகம் கிடைக்கும். ஹேங் கிளைடரில் கிடைக்காத வாய்ப்பு இது. சிறகு ஆளுக்கு மேலே ஏழெட்டு மீட்டர் உயரத்தில் நிற்பதால் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். மற்றபடி விளிம்பை ஒட்டிய பக்கவாட்டு இடம்தான் அதற்கும்.

கையில் கேமராவோடு வந்த 18-55 மட்டும் இருக்கிறது, வாடகைக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை என்று சொல்லும் தம்பிகளுக்கு: 55-ல் 25 மீட்டர் தூரத்தில் பத்து மீட்டருக்குச் சற்று மேல் அகலம் வரும். கிளைடர் முழுவதும் அடங்கும், பிறகு கணினியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். அதோடு போங்கள். வாடகைப் பணத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் 84 கிலோமீட்டர், அங்கிருந்து மலைக்குப் பஸ். நான் ஒரு ஆடியில் மூன்று முறை போய் வந்தேன். முதல் முறை காற்று அளவுக்கு மீறி வீசியது, இரண்டாம் முறை மேகம் விளிம்பை மூடிவிட்டது. மூன்றாம் முறை மாலை ஐந்து மணிக்கு நாடா நேராக நீண்டு, அசையாமல் நின்றது. வலது பக்கம், விளிம்புக்கு நேராக, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன்.